ஒரே தடவை கேட்டுவிட்டுப் போனவர்

நீல் கார்மடி அந்தச் சமையலறையில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்குள் இரண்டு தப்புகள் செய்தார். காப்பி வேண்டுமா என்று ஆர்லிஸ் ப்ரெக்கே கேட்டதுமே "குடுங்க" என்றார். பிறகு தட்டில் மிச்சமிருந்த கடைசித் துண்டை, பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட பார் என்னும் பலகாரத்தை, எடுத்து முழுசாகச் சாப்பிட்டார்.

நார்லண்ட் மாவட்டத்தில் வளர்ந்தவர்கள் இரண்டையும் செய்ய மாட்டார்கள். காப்பியை முதல் தடவை வேண்டாம் என்பார்கள். இரண்டாவது தடவை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார்கள். மூன்றாவது தடவை, ஏற்கெனவே போட்டிருந்தால் அரைக் கோப்பை போதும் என்பார்கள். கடைசித் துண்டை ஒருவர் பாதியாக வெட்டி எடுப்பார், அடுத்தவர் மீதிப் பாதியைப் பாதியாக வெட்டுவார். விருந்தாளிகள் போன பிறகு நகக்கண் அளவுக்கு ஒன்று தட்டில் காய்ந்து கிடக்கும். வீட்டுக்காரி அதை வாயில் போட்டுக்கொண்டு தட்டைக் கழுவுவாள்.

கார்மடி அரிசோனாவில் வளர்ந்தவர். இருபது வருடங்களாக மினியாபொலிஸ் பக்கத்தில் குடியிருந்து, அங்கிருந்தே மாநில செனட்டுக்குப் போனவர். இப்போது மினசோட்டாவின் ஆளுநராக ஆசைப்பட்டார். கட்சி மாநாடு வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டது. ஆகஸ்டில் நடக்கும் பிரைமரி என்கிற கட்சி உள்தேர்தலில் தொண்டர்களிடமே நேராக ஓட்டுக் கேட்டுப் பார்க்கலாம் என்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தார். கருத்துக்கணிப்பில் நூற்றுக்கு ஆறு பேர் அவர் பெயரைச் சொல்லியிருந்தார்கள். இந்த மாநிலத்தில் ஆளுநரும் துணை ஆளுநரும் ஒரே மனுவில் ஜோடியாகத்தான் நிற்க வேண்டும். ஜூன் மாதத்து முதல் செவ்வாய் மாலை ஐந்து மணிக்குள் ஜோடி கிடைக்காவிட்டால் அவர் பெயர் ஓட்டுச் சீட்டிலேயே ஏறாது.

"நேராவே கேட்டுடறேன், மிஸஸ் ப்ரெக்கே. என்னோட துணை ஆளுநரா நிக்கறீங்களா?"

ஆர்லிஸுக்கு அறுபத்தேழு வயது. வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கும் நர்ஸாக முப்பது வருடம் வேலை பார்த்தவள். மாவட்டக் குழுவில் மூன்று தடவை ஜெயித்தவள். இந்த ஜனவரியில் கணவன் டெல்பர்ட்டைப் புதைத்திருந்தாள். மாநிலத்தின் மேற்குப் பக்கத்துப் பெண், நர்ஸ், எல்லாருக்கும் தெரிந்த முகம் என்பதால் அவளைத் தேடி இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது. அதில் அவளுக்கு வருத்தமில்லை. ஆள் தேவைப்படும்போது எந்தக் கை சும்மா இருக்கிறது என்றுதான் யாரும் பார்ப்பார்கள்.

அவர் கேட்டபோது அவள் உடம்பில் ஏதோ நடந்தது. மரத்துப்போன காலில் ரத்தம் திரும்பும்போது ஊசி ஊசியாகக் குத்துமே, அதுபோல. குளிர்காலம் முழுக்க அப்படி ஒன்றும் இருக்கவில்லை. அதனால் அது என்னவென்று புரிந்துகொள்ளவே அவளுக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

"ஐயோ, நானா," என்றாள். "வேண்டாம். என்னைவிட நல்ல ஆளுங்க எத்தனையோ பேர் இருக்காங்க."

முறைப்படி சொல்லும் முதல் வேண்டாம் அது. இரண்டாவதும் நாக்கில் தயாராக இருந்தது. அதற்குப் பின்னால் சரி என்கிற சொல் இருந்தது.

கார்மடி தலையை ஆட்டினார். "நீங்க வேண்டாம்னு சொன்னா நான் அதை மதிக்கணும். நேரம் ஒதுக்கினதுக்கு ரொம்ப நன்றி. பார் ரொம்ப நல்லா இருந்தது." எழுந்து அவள் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

வெளியே காரில் ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். கார் திரும்பி, சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் வயல்களுக்கு நடுவே நேராகப் போகும் சாலையில் சின்னதாகிக்கொண்டே போயிற்று. ஆர்லிஸ் காலித் தட்டைக் கழுவினாள். கழுவ அதில் ஒன்றுமில்லை.

மறுநாள் கூட்டுறவுக் கடையில் வெங்காயக் கூடை பக்கத்தில் வெர்னாவைப் பார்த்தாள். வெர்னா டெல்பர்ட்டின் தங்கை. ஆர்லிஸும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்.

"உன் வீட்டு வாசல்ல நகரத்துக் காரு நின்னுதாமே," என்றாள் வெர்னா.

ஆர்லிஸ் சொன்னாள்.

"நீ எத்தனை தடவை வேண்டாம்னே?"

"ஒரு தடவை."

"அப்புறம்?"

"எழுந்து போயிட்டார்."

"போயிட்டாரா? கதவுகிட்ட நின்னு திரும்பிப் பாக்கலையா?"

"இல்ல. நன்றி சொல்லிட்டுப் போயிட்டார்."

வெர்னா ஒரு வெங்காயத்தை அமுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். "ஒரே தடவை கேட்டுட்டுப் போறவனுக்கு எவன் ஓட்டுப் போடுவான்? நூத்துக்கு ஆறு பேராமே. அந்த ஆறு பேரைக் கண்ணால பாக்கணும்."

"கடைசி பாரையும் சாப்பிட்டுட்டார்."

"முழுசாவா?"

"முழுசா."

வெர்னா சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உனக்கு ஆசையா இருந்துதா?" என்றாள்.

"தெரியல."

"தெரியலன்னா இருந்துதுன்னு அர்த்தம். ஒரு போன் பண்ணிச் சொல்லலாமே."

அப்படிச் செய்ய முடியாது என்று இருவருக்கும் தெரியும். வேண்டாம் என்று சொன்ன வாயால் தானே கூப்பிட்டுச் சரி என்பது, அடுத்த வீட்டு அடுப்பிலிருக்கும் காப்பியை நாமே எடுத்து ஊற்றிக்கொள்வது போல. வெர்னா அதைச் சொன்னது சொல்லவேண்டுமே என்பதற்காகத்தான்.

இருவரும் கல்லா வரை சேர்ந்து நடந்தார்கள். அங்கே வெர்னா வாயைத் திறந்து மூடினாள். அவள் சொல்ல வந்தது ஆர்லிஸுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. அடக்கம் முடிந்து சர்ச் கீழ்த்தளத்தில், ஆளாளுக்குச் சமைத்துக் கொண்டுவந்த ஹாட்டிஷ் பாத்திரங்களை யார் யாருடையது என்று பிரித்துக்கொண்டிருந்தபோது வெர்னா முதல் தடவை கேட்டாள். பிப்ரவரியில் இரண்டாவது தடவை, மார்ச்சில் மூன்றாவது தடவை கேட்டாள். ஆர்லிஸ் மூன்று தடவையும் வேண்டாம் என்றாள். முதல் இரண்டு வேண்டாம்கள் பேச்சுக்கு. மூன்றாவது நிஜம். மூன்றாவது வேண்டாமுக்குப் பிறகு கேட்பது அநாகரிகம். வெர்னா கேட்கவில்லை. அந்த வட்டாரத்தில் மற்றவர்களும் ஒவ்வொருவராக மூன்று தடவை கேட்டு முடித்திருந்தார்கள். ஏப்ரலில் கேட்க ஆள் இல்லாமல் போயிற்று. யாருக்கும் அவள்மேல் கோபமில்லை. எல்லாரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

டெல்பர்ட் நடுக்கவாதத்தில் எட்டு வருடம் இருந்தான். கடைசி மூன்று வருடம் முன்னறையில், வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவனைப் புரட்டிப் போட வேண்டும். அவன் முதுகில் ஒரு படுக்கைப் புண் கூட வரவில்லை. ஆர்லிஸுக்கு யாரிடமாவது பெருமை சொல்லத் தோன்றியிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள். ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோனால் அவன் வாயை மூடிக்கொள்வான். மறுபடி கொண்டுபோனால் முகத்தைத் திருப்புவான். மூன்றாவது தடவை வாய் திறப்பான். பேச்சு போன பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. அவசரக்காரி யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அவன் பட்டினியாகவே போயிருப்பான்.

அவன் போன பிறகு அவள் அழவில்லை. அழவேண்டும் என்று காத்திருந்து பார்த்தாள். அது வரவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், வாசலில் பனியை வாரினாள். கைகள் மட்டும் பழைய கணக்குப்படி அவளை எழுப்பிவிடும். எழுந்துபோய் முன்னறையில் காலிக் கட்டில் பக்கத்தில் நின்றுவிட்டுத் திரும்புவாள். கட்டிலை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கடைக்காரர்கள் மாதாமாதம் போன் செய்தார்கள். அடுத்த வாரம் என்று மாதாமாதம் சொன்னாள்.

வீட்டை விட்டு வெளியே போக அவளுக்கு இருந்த ஒரே காரணம் மாவட்டக் குழு. செவ்வாய்க்கிழமைகளில் கோர்ட் கட்டிடத்தில் ஐந்து பேர் உட்கார்ந்து பாலம், சாக்கடை, பனி தள்ளும் வண்டி, முதியோர் இல்லத்துக் கூரை பற்றிப் பேசுவார்கள். டெல்பர்ட் இருந்தபோது அந்த இரண்டு மணி நேரம் வெர்னா அவனைப் பார்த்துக்கொள்வாள். அந்தப் பதவியும் இந்த வருடம் தேர்தலுக்கு வந்திருந்தது. அதற்கும் கடைசி நாள் அதே செவ்வாய், அதே ஐந்து மணி. ஒருவர் ஒரு பதவிக்குத்தான் மனுப் போட முடியும். குழுவுக்கு மனுப் போட்டுவிட்டால் கார்மடி திரும்பி வந்தாலும் பிரயோஜனமில்லை. போடாமல் காத்திருந்து அவர் வராவிட்டால் இரண்டும் போகும். செவ்வாய்க்கிழமைகளும் மற்ற நாட்கள் மாதிரி ஆகிவிடும்.

நிச்சயமாகக் கிடைப்பது குழுதான். அது தெரிந்தும் அவள் மனுப் போடாமல் நாட்களைத் தள்ளினாள்.

கோர்ட் கட்டிடத்தில் மனு வாங்கும் கேலன் ஓஸ்ட், அவள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "செவ்வாய் அஞ்சு மணி, ஆர்லிஸ்," என்பான்.

"தெரியும் கேலன்."

"தெரியும்னு எனக்கும் தெரியும். சும்மா சொன்னேன்."

எதிர் பெஞ்சில் ட்வெயின் க்ரோக்ஸ்டாட் உட்கார்ந்திருப்பான். விதைக் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் மனைவிக்குத் தொந்தரவாக இருப்பவன். குழுவில் உட்காரவேண்டும் என்று அவனுக்குப் பத்து வருட ஆசை. ஆனால் ஆர்லிஸை எதிர்த்து நிற்கிற ஆள் இல்லை அவன்.

"இந்தத் தடவையும் நிக்கிறியா, ஆர்லிஸ்?"

"பாக்கலாம்."

"நீ நின்னா நான் நிக்கல."

"நான் நிக்கலைன்னா நீ நில்லு."

"ஐயோ, நானா. எனக்கு எதுக்கு அதெல்லாம்." சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பான். பேனா சட்டைப் பையில் இருக்கும்.

அந்த வியாழக்கிழமை பாத்திரம் கழுவும்போது ரேடியோவில் சொன்னார்கள். ஆளுநர் வேட்பாளர் நீல் கார்மடி தன் ஜோடியாகப் பக்கத்து மாவட்டத்து வான்கோழிப் பண்ணைக்காரர் லோவெல் ஸ்டெனர்சனைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். கேட்ட உடனே ஒப்புக்கொண்டதாக ஸ்டெனர்சன் தன் வாயாலேயே ரேடியோவில் சொன்னார்.

ஆர்லிஸ் கையிலிருந்த கோப்பையை அலசிக் கவிழ்த்தாள். ஏதாவது குத்துகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் குத்தவில்லை. தண்ணீர் சுடச்சுட இருந்தது. அதுகூடக் கை சிவந்த பிறகுதான் தெரிந்தது.

காலையில் வெர்னா போன் செய்தாள். "கேட்டியா? உடனே சரின்னாராம். அதை ரேடியோவுல வேற சொல்றான். அவங்க அம்மா உயிரோட இருந்திருந்தா வெக்கத்துல செத்திருப்பா."

"நல்ல மனுஷன்தான்."

"நல்ல மனுஷன்தான். இப்பவாவது போய் உன் மனுவைப் போடு."

"திங்கக்கிழமை போறேன்."

திங்கட்கிழமை காலை நல்ல காலணியை எடுத்துப் போட்டாள். ஒரு காலில் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது அதே கார் வாசலுக்கு வந்தது. இந்தத் தடவை இரண்டு பேர் இறங்கினார்கள். கார்மடிக்குப் பின்னால் வந்தவர் அவருடைய பிரசாரத்தை நடத்துகிற ராய்ஸ் மெல்பி. போன தடவை காரில் போன் பேசிக்கொண்டிருந்தவர். அறுபது வயது, தொங்கிய கன்னம். ராய்ஸ் கதவைத் தட்டிவிட்டுப் கால்மிதிமேல் நின்று காலை இரண்டு தடவை தேய்த்த விதத்திலேயே ஆர்லிஸுக்குத் தெரிந்துவிட்டது, இந்த ஆள் இந்தப் பக்கத்துக்காரர்.

"ஸ்டெனர்சன் விலகிட்டார்," என்றார் ராய்ஸ். "நேத்து."

"ஏன்?"

"பொண்டாட்டியைக் கேக்காம சரின்னுட்டார். அந்தம்மா ரேடியோவுலதான் கேட்டாங்களாம்."

"எத்தனை தடவை வேண்டாம்னாங்க?"

"ஒரே தடவை. அது மூணுக்குச் சமம்."

ஆர்லிஸ் ஒரு கையால் நாற்காலியைக் காட்டினாள். "காப்பி சாப்பிடறீங்களா?"

கார்மடி ராய்ஸைப் பார்த்தார். "வேண்டாம், நன்றி," என்றார்.

"கொஞ்சம் சாப்பிடுங்க."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"சிரமம் ஒண்ணுமில்ல."

"ஏற்கெனவே போட்டிருந்தா," என்று சொல்லி நிறுத்தி, மீதியை ஞாபகப்படுத்திக்கொண்டு, "அரை கப் போதும்," என்றார். காரில் மூன்று மணி நேரமாக மனப்பாடம் பண்ணியிருக்க வேண்டும்.

ராய்ஸ் ஜன்னல் வழியே வயலைப் பார்த்தார். ஆர்லிஸ் காப்பியை ஊற்றினாள். சிரிப்பு வரவேண்டிய இடம் அது என்று அவளுக்குத் தெரிந்தது. அடக்கி வைக்க எதுவும் வரவில்லை.

"அன்னிக்கு நான் எழுந்து போயிட்டேன்," என்றார் கார்மடி. "எங்கம்மா அப்படித்தான் வளத்தாங்க. ஒருத்தர் வேண்டாம்னா திரும்பக் கேக்கக்கூடாது, அது அவங்களை நெருக்குற மாதிரின்னு. நேத்து ராய்ஸ் என்னைத் திட்டித் தீத்துட்டார். அதனால இப்ப ரெண்டாவது தடவை கேக்கறேன். நிக்கறீங்களா?"

"எனக்கு வயசாச்சு," என்றாள் ஆர்லிஸ். அது இரண்டாவது வேண்டாம். வாய் தானாகச் சொன்னது.

"மூணாவது தடவை கேக்கறேன்."

இப்படி எண்ணிச் சொல்லி யாரும் அவளைக் கேட்டதில்லை. ஆனால் கேட்டாயிற்று. இனி அவள் சொல்வதுதான் நிஜமான பதில். காப்பியை ஒரு வாய் குடித்தாள்.

"எனக்கு முன்னாடி எத்தனை பேரைக் கேட்டீங்க?"

"மூணு பேரை. நீங்க நாலாவது. லோவெல் அஞ்சாவது. இப்ப நீங்க ஆறாவதும்."

"நீங்க ஜெயிப்பீங்களா?"

ராய்ஸ் வாயைத் திறந்தார். அதற்குள் கார்மடி, "இல்ல," என்றார்.

"அப்புறம் எதுக்கு?"

அவர் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "நிறுத்திட்டா அடுத்த நாள் காலையில எழுந்து என்ன பண்றதுன்னு தெரியல," என்றார்.

ஆர்லிஸ் அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தாள், ஒரு நோயாளியைப் பார்ப்பது போல. சட்டைக் கழுத்து இரண்டு விரல் அளவுக்குத் தொளதொளத்தது. உதட்டோரம் வெடித்திருந்தது. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை. கணுக்கால் வீங்கி, காலுறை பதிந்த தடம் தெரிந்தது. பக்கத்திலிருப்பவர்கள் இன்னும் நம்பிக்கையாகப் பேசிக்கொண்டிருக்க, படுத்திருப்பவர் மட்டும் விஷயம் தெரிந்துகொண்டு அமைதியாக இருக்கும் வீடுகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அந்த வீடுகளில் மருந்து குணப்படுத்துவதற்காக இல்லை. வாயை ஈரமாக வைக்க வேண்டும், நேரத்துக்குப் புரட்ட வேண்டும், வலிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முடிகிற நாள் வரை யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். இந்தப் பிரசாரம் ஆகஸ்டில் முடியும். அது அவளுக்குத் தெரிந்த வேலை. வேறு யாருக்கும் அது வேண்டாம் என்பதும் புரிந்தது.

முன்னறையைப் பார்த்தாள். கட்டில் அங்கேயே இருந்தது.

"சரி," என்றாள்.

இரண்டு ஆண்களும் அசையவில்லை. இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார்கள்.

"சரின்னு சொல்லிட்டேன். எங்க கையெழுத்துப் போடணும்? அதுக்கு முன்னாடி, கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"காலைல ஒரு டோனட்."

அவர்கள் கையெழுத்துக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தபோது அவள் நான்கு முட்டையை வாணலியில் உடைத்து ஊற்றினாள். மனுவில் ஒரு ஓரத்தில் எண்ணெய் பட்டுவிட்டது. மறுநாள் மாநிலத் தலைநகரான செயின்ட் பாலில் அதை வாங்கிக்கொண்டார்கள்.

அவர்கள் போனதும் ட்வெயினுக்குப் போன் செய்தாள்.

"குழுவுக்கு நான் நிக்கல. நீ போய் மனுப் போடு."

"ஐயோ, நானா, எனக்கெதுக்கு—"

"ட்வெயின். இதை நான் ஒரு தடவைதான் சொல்லுவேன்."

"சரி," என்றான். கோர்ட் கட்டிடத்து வாசலில் நின்றுகொண்டுதான் அவன் பேசினான் என்று பிறகு கேலன் சொன்னான்.

கோடை முழுக்கக் காரில் போயிற்று. சின்ன ஊர்களின் ஊர்வலங்களில் திறந்த வண்டியில் உட்கார்ந்து மிட்டாய் எறிந்தாள். கண்காட்சிகளில் தகரக் கூரைக்குக் கீழே பன்றிக்கறி வறுக்கும் புகையில் நின்று கை குலுக்கினாள். மேடையில் அவளைப் பேசச் சொன்னால் முதியோர் இல்லங்களுக்கு ஆள் போதவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். கார்மடியின் கணுக்கால் வீக்கத்துக்கு டாக்டரைப் பார்க்க வைத்தாள். ராய்ஸிடம் சொல்லி ஒரு நாளைக்கு மூன்று ஊர் என்பதை இரண்டாக்கினாள். மத்தியானம் காரில் இருக்கையைச் சாய்த்து கார்மடியை அரை மணி தூங்க வைத்தாள். அவர் தூங்கும்போது ராய்ஸும் அவளும் வெளியே ஏதாவது ஒரு கொட்டகை நிழலில் நிற்பார்கள்.

"இதெல்லாம் பண்ணா ஓட்டு வருமா?" என்று ஒரு நாள் ராய்ஸ் கேட்டார்.

"வராது."

"அப்புறம்?"

"புண்ணு வராது," என்றாள்.

ஒரு கண்காட்சியில் மாட்டுக் கொட்டகைக்காரன் ஒருவன் கார்மடியைப் பார்த்து, "உங்க ஆறு பேரையும் கூட்டிட்டு வந்திருக்கீங்களா, இல்ல கார்லயே விட்டுட்டீங்களா?" என்றான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கார்மடி சிரிக்கத் தெரியாமல் நின்றார். ஆர்லிஸ் அந்த ஆளிடம், "ஒருத்தி இங்கதான் நிக்கறேன். உன் பசுவுக்கு மடி வீங்கியிருக்கு, கவனிச்சியா?" என்றாள். அவன் குனிந்து பார்க்கப் போனான்.

ஆகஸ்டில் பிரைமரி முடிந்தது. மாநிலம் முழுவதும் நூற்றுக்கு ஒன்பது ஓட்டு. நார்லண்ட் மாவட்டத்தில் மட்டும் கார்மடி முதலாவதாக வந்தார்.

"அவனுக்குப் போடல, உனக்குப் போட்டோம்," என்றாள் வெர்னா.

அடுத்த நாள் ராய்ஸ் வண்டி ஓட்ட, கார்மடியே கூட வந்து ஆர்லிஸை வீட்டில் விட்டார். அவள் சாண்ட்விச் செய்து வைத்தாள். தட்டில் பார் அடுக்கினாள். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தபோது ஒன்று மட்டும் மிச்சமாயிற்று. கார்மடி கத்தியை எடுத்து அதைப் பாதியாக வெட்டப் போனார்.

"முழுசா எடுத்துக்குங்க," என்றாள் ஆர்லிஸ்.

"இல்ல, பரவால்ல."

"நீல். எடுத்துக்குங்க."

எடுத்துக்கொண்டார். சாப்பிட்டு முடித்துவிட்டு, "நீங்க இனிமே என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார்.

"கட்டிலை எடுத்துட்டுப் போகச் சொல்லணும். நீங்க?"

"தெரியல."

"வீட்டுக்குப் போய்த் தூங்குங்க. காலையில எழுந்ததும் ஏதாவது சாப்பிடுங்க. அதுக்கு அடுத்ததை அப்புறம் பாக்கலாம்."

அது ஆறுதலுக்குச் சொன்னது இல்லை. வேலை முடிந்த வீடுகளிலிருந்து கிளம்பும்போது மீதியிருப்பவர்களிடம் அவள் எப்போதும் சொல்வதுதான். வேறு ஒன்றும் அவளுக்குத் தெரியாது. கார்மடி அவள் கையைக் குலுக்கினார். இந்தத் தடவை கதவுகிட்ட நின்று திரும்பிப் பார்த்தார்.

கட்டிலுக்கு இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் பக்கத்து ஊர்க்காரர்கள். "எடுத்துக்கட்டுமா, மேடம்?" என்று ஒருவன் கேட்டான்.

"எடுத்துக்குங்க."

அவர்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். "அவசரமில்ல," என்றான் மற்றவன். "அடுத்த வாரம்கூட வரலாம்."

"எடுத்துக்குங்கன்னு சொல்லிட்டேனே."

பிறகும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் தானே போய்ச் சக்கரத்துப் பூட்டைக் காலால் நீக்கிக் கட்டிலை வாசல் பக்கம் தள்ளினாள். அப்புறம்தான் வந்து பிடித்தார்கள்.

கம்பளத்தில் நான்கு பள்ளங்கள் இருந்தன. வாக்குவம் கிளீனர் போட்டாள். போகவில்லை. ஈரத்துணியை விரித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தால் எழும்பும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். அன்று செவ்வாய்க்கிழமை. கோர்ட் கட்டிடத்தில் குழு கூடியிருக்கும். குழுவுக்கான தேர்தல் நவம்பரில்தான் என்றாலும் அங்கே ஒரு நாற்காலி தனக்காக இருக்கிறது என்பது போல ட்வெயின் முன்வரிசையில் போய் உட்கார்ந்திருப்பான். டிசம்பர் வரை அந்த நாற்காலி அவளுடையதுதான். போயிருக்கலாம். போகவில்லை.

போனை எடுத்து வெர்னாவைக் கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றேன்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "நான் உன்னைக் கூப்பிடவே இல்லையே," என்றாள் வெர்னா.

"தெரியும்."

"மார்ச்சோட நிறுத்திட்டேனே."

"அதுவும் தெரியும். எத்தனை மணிக்கு?"

வெர்னா மூச்சை இழுத்து விட்டாள். "சர்ச் முடிஞ்சதும். வறுத்த கறி. உனக்கு அது பிடிக்காதுன்னு சொல்லுவியே."

"நான் எப்ப சொன்னேன்?"

"டெல்பர்ட்தான் சொல்லுவான். நீ எதையும் சொல்ல மாட்டே."

"எனக்குப் பிடிக்கும்," என்றாள் ஆர்லிஸ். "நான் எதாவது கொண்டு வரவா?"

"வேண்டாம், எதுக்கு உனக்குச் சிரமம்."

"பார் கொண்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு, வெர்னா அடுத்த வேண்டாமைச் சொல்வதற்கு முன்னால் போனை வைத்தாள்.